கழுவப்படாது

பெரிய வியாழனுக்கு முந்தின இரவு நான் கிணற்றடிக் கல்லில் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். மறுநாள் மாலை ஆராதனையில், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, சபைக் கமிட்டியார் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும் என்று போதகர் அறிவித்திருந்தார். மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் அதற்கு முன் அந்த வழக்கம் இருந்ததில்லை. நான் அப்போது சபைச் செயலர். பள்ளி ஆசிரியர் வேறு. வெடித்துக் கறுத்த குதிகாலோடு சபையார் முன்னால் உட்கார எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால், கமிட்டியார் அத்தனை பேரும் அதே வேலையை வீட்டில் செய்து முடித்துத்தான் வந்திருந்தார்கள். ஒருவர் நகம் வெட்டித் தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். ஒருவர் புதுச் செருப்பு வாங்கியிருந்தார். அழுக்கே இல்லாத கால்களை நாங்கள் எவர்சில்வர் பேசினில் வைத்து, மிகுந்த பயபக்தியோடு கழுவிக்கொண்டோம்.

அன்று நடந்ததில் எனக்குப் பிற்பாடு உறுத்தியது வேறொரு விஷயம். அடுத்தவர் காலைக் கழுவுவது எனக்கு எளிதாக இருந்தது. குனிந்தேன், தண்ணீர் வார்த்தேன், துவர்த்தால், அதாவது துண்டால், துடைத்தேன். உள்ளுக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது. நான் நாற்காலியில் உட்காரும் முறை வந்தபோதுதான் கூசியது. என் காலைத் தொட்டவரின் கையைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு, “போதும், போதும்” என்று எழுந்துவிட்டேன். சபையார் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த “போதும்” என்ற சொல்லுக்குப் பேதுரு ஒரு மூலப்பிரதி வைத்திருக்கிறான் என்பதை நான் கவனிக்கச் சில ஆண்டுகள் ஆயின. யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து வரிசையாகக் கழுவிக்கொண்டு வரும்போது மற்றவர்கள் பேசாமல் காலை நீட்டுகிறார்கள். பேதுரு மட்டும், “நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது” என்கிறான். படிக்கும்போது அது பணிவின் உச்சம்போலத் தோன்றும். ஆனால் வந்த பதில் பாராட்டு அல்ல: “நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை.” அந்த அதிகாரம் முழுவதிலும் இதைவிடக் கடுமையான சொல் சீடர் ஒருவருக்கு நேரடியாகச் சொல்லப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்குக்கூட அன்று அப்பத்துணிக்கைதான் கொடுக்கப்பட்டது. குனிய மறுத்தவனுக்கு அல்ல, காலை நீட்ட மறுத்தவனுக்கு அந்தக் கடுமை.

“படாது” என்ற சொல் எங்கள் பக்கத்தில் புத்தகச் சொல் அல்ல. “வரப்படாது, தொடப்படாது, கேறப்படாது” என்று என் பாட்டா பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைத் திருவிதாங்கூர் எங்கள் முன்னோர்மேல் நூற்றாண்டுக்கணக்காகப் பயன்படுத்தியது. எந்தத் தெருவில் நடக்கப்படாது, எவ்வளவு தொலைவுக்கு நெருங்கப்படாது, பெண்கள் மார்பை மறைக்கப்படாது என்று எல்லாவற்றுக்கும் ஒரு படாது இருந்தது. தோள்சீலைக்காக எங்கள் பெண்கள் தெருவில் அடிபட்டு, கடைசியில் 1859 ஜூலை 26 அன்று மன்னரின் அறிவிப்பு வந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தப்படாது என்ற வால் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே “தாழ்மை” என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்லும்போது எங்கள் ஊரில் சற்று எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். தாழ்த்தி வைக்கப்பட்டவனிடம் போய்த் தாழ்ந்திரு என்று சொல்வது உபதேசம் ஆகாது.

“ஊழியம்” என்ற சொல்லின் கதையும் அதுதான். இன்று சபையில் அது மேன்மையான சொல். ஊழியம் செய்கிறார் என்றால் எழுந்து இடம் கொடுக்கிறோம். அன்றைய திருவிதாங்கூரில் அது கூலியில்லாத கட்டாய வேலைக்குப் பெயர். சர்க்காரும் கோயிலும் கூப்பிட்டால் போய்ச் சுமக்க வேண்டும், வெட்ட வேண்டும், கட்ட வேண்டும். கர்னல் மன்றோ ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டாக இருந்த காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. ஒரு ஊழியத்திலிருந்து விடுபட்ட ஞாயிற்றுக்கிழமையில்தான் எங்கள் முன்னோர் வேதக்கோயிலில் உட்கார்ந்து, “அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்” என்ற கலாத்தியர் வசனத்தைக் கேட்டிருப்பார்கள். முதல் ஊழியத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று யோசித்தால், வேலையில் இல்லை. “ஒருவருக்கொருவர்” என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழைய திருவிதாங்கூர் ஊழியம்.

இவ்வளவும் தெரிந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்ட வருகிறவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா என் அப்பாவிடம் வேலை செய்தவர். அவர்களும் கிறிஸ்தவர்கள், சாதி வேறு, சபையும் வேறு. தெற்குத் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபைக்கு வித்திட்ட மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் பிறந்த சாம்பவர் குலம் அவர்களுடையது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் ஆரல்வாய்மொழி வழியாக இந்த மண்ணுக்குள் வந்ததே வேதமாணிக்கம் போய்க் கேட்டுக்கொண்டதன் பேரில்தான். எங்களுக்கு விசுவாசத்தைத் தந்த குலத்தைச் சேர்ந்தவருக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் தனித் தம்ளர் இருந்தது. என் பாட்டா காலத்தில் தம்ளர்கூட இல்லை, தேங்காய்ச் சிரட்டை. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற அதே சிரட்டை. கிழக்கே வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து வைத்திருந்த சுவரை 1910இல் இடித்தார்கள் என்று நாங்கள் வியந்து பேசுவதுண்டு. எங்கள் கோயிலில் இடிப்பதற்குச் சுவர் இல்லை என்பதில் எங்களுக்குப் பெருமை. தம்ளர் யார் கண்ணிலும் படவில்லை.

அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லி அழைப்பேன். அவர் என்னை “சாரே” என்பார். இந்தக் கட்டுரையில் “அவர்” என்று எழுதுகிறேன். பேச்சில் அப்போது “அவன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் நல்லவன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வேட்டி, அவர் மகளுக்குப் புத்தகம், பிறகு அவள் செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது 40,000 ரூபாய். திருப்பித் தர வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பதில் சொல்லாமல் வாங்கிக்கொண்டது எனக்குச் சின்னக் குறையாகக்கூடப் பட்டது.

2019 ஜூலையில், நல்ல மழை நாளில், தோட்டத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்காலை ஒடித்துக்கொண்டேன். ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது என்றார் மருத்துவர். எங்களுடையது பழைய வீடு. குளியலறை முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. மகன் பெங்களூரில். என் மனைவிக்கு முதுகுவலி. என்னைத் தாங்கிக்கொண்டு அவளால் முற்றத்தைக் கடக்க முடியாது. முதல் நாள் காலையிலேயே, மழையில் வெட்டு இல்லாததால் சும்மா வந்து பார்த்தவர், நிலைமையைக் கண்டதும் துவர்த்தைத் தலையில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். “தோளில கைய போடுங்க சாரே.”

நான் போடவில்லை. வேண்டாம், சமாளித்துக்கொள்கிறேன், நாற்காலியை நகர்த்திப் போய்க்கொள்கிறேன், சபையில் யாராவது பையனை வரச் சொல்கிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அவர் ஒதுங்கி நின்றார். அப்போதுதான் என் மனைவி, அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, அவருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: “நீங்க எல்லாருக்கும் செய்வீங்க. உங்களுக்கு ஒருத்தரும் ஒண்ணும் செய்யப்படாது. இது எந்த ஊருத் தாழ்மை?”

அவள் பாறசாலைக்காரி. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அவள் வீடு. 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே ஆட்சி, ஒரே பேச்சு. மலங்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவள் என்பதால், எங்கள் சபைப் பெண்களைப்போல வேதவசனத்தை நம்பர் சொல்லி எடுத்துப் பேசமாட்டாள். அந்த “செய்யப்படாது” அவள் வாயில் தற்செயலாக வந்ததுதான். எனக்குத்தான் பேதுருவின் குரல் கேட்டது. கையை அவர் தோளில் போட்டேன்.

முற்றத்தைக் கடக்க நாற்பது அடி இருக்கலாம். மனிதன் ஒருவன் இன்னொருவன்மேல் முழுப் பாரத்தையும் சாய்த்து நடப்பது எவ்வளவு நெருக்கமான காரியம் என்று அன்று தெரிந்தது. அவர் மேலிருந்து ரப்பர் பால் புளித்த வாடை வந்தது. அந்த வாடைக்காக அவரை நான் எப்போதும் திண்ணைக்குக் கீழே நிறுத்தியே பேசியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. கட்டுப் போடாத காலில் சேறு ஒட்டியிருந்ததைக் கண்டு, கேட்காமலே ஒரு வாளித் தண்ணீர் கோரி ஊற்றி, விரலிடுக்கில் கைவிட்டுக் கழுவினார். குதிகால் வெடிப்புக்குள் இருந்த செம்மண்ணைப் பெருவிரலால் தள்ளி எடுத்தார். முந்தின இரவு கல்லில் தேய்த்து வைக்காத கால் அது. ஆறு வாரம் இது நடந்தது. பதினைந்தாவது நாள்வாக்கில் நான் ஒரு நாள் அவரை “அண்ணே” என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

படுத்துக் கிடந்த அந்த நாட்களில் நிறைய வாசித்தேன். யோவான் 13க்கு முந்தின அதிகாரத்தைத் தனியாகவே வாசித்துப் பழகியிருந்தேன். சேர்த்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. பஸ்காவுக்கு ஆறு நாளுக்கு முன் பெத்தானியாவில் மரியாள் நளததைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசித் தன் தலைமயிரால் துடைக்கிறாள். அங்கே கிரேக்கத்தில் துடைப்பதற்கு வரும் வினைதான், சில நாள் கழித்து இயேசு சீடர்களின் கால்களைச் சீலையால் துடைக்கும் இடத்திலும் வருகிறது. அவர் முதலில் காலை நீட்டினார்; ஒரு பெண் செய்ததை, யூதாஸ் குறைசொல்ல, தடுக்காமல் ஏற்றுக்கொண்டார்; அதன் பிறகுதான் குனிந்தார். குனிகிற முறையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு பெரியவருக்குக் கோபம் வந்தது. ஆண்டவர் யாரிடமும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்றார். சரி, கற்றுக்கொள்ளவில்லை என்றே வைத்துக்கொள்வோம்; ஏற்றுக்கொண்டார் என்பதை மறுக்க முடியாதல்லவா?

இந்த வரிசை மாறுவதால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதற்கு எபேசியர் 5ஆம் அதிகாரம் சாட்சி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பிரசங்கம் பெரும்பாலும் 22ஆம் வசனத்தில் தொடங்கும்: “மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்.” எங்கள் கல்யாணத்திலும் அங்கிருந்துதான் தொடங்கியது. 21ஆம் வசனம், “தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்” என்பது, மேலே இருக்கும் பத்தியின் வாலாக விடப்பட்டுவிடும். ஆனால் மிகப் பழைய சுவடிகள் இரண்டில், பப்பிரஸ் 46 எனப்படும் தொகுதியிலும் வத்திக்கான் சுவடியிலும், 22ஆம் வசனத்தில் “கீழ்ப்படியுங்கள்” என்ற வினையே இல்லை. “மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்கு, கர்த்தருக்குப்போல” என்று மட்டும்தான் இருக்கிறது. வினையை 21ஆம் வசனத்திலிருந்து கடன் வாங்கித்தான் அந்த வாக்கியம் நிற்கிறது. ஒருவருக்கொருவர் என்பதை வெட்டி எறிந்துவிட்டு மனைவிக்கு மட்டும் சொன்னால் அந்த வாக்கியத்துக்குக் காலே இல்லை. இருபத்தைந்து ஆண்டு சபைப்பணி செய்த எனக்கு இது ஒரு ஒடிந்த காலோடு படுத்திருந்தபோதுதான் தெரியவந்தது என்பதில் எனக்கு வெட்கம் உண்டு. மனைவியிடம் சொன்னேன். “வினை இல்லேன்னாலும் அடுக்களை உண்டல்லோ” என்று சொல்லிவிட்டு மரச்சீனிக் கிழங்கை உரிக்கப் போய்விட்டாள். உட்கார்ந்தபடியே நானும் ஒரு கத்தியை எடுத்தேன்; மோசமாகத்தான் உரித்தேன்.

பேதுருவைப் பற்றி இன்னொன்று. அவர் பெயரால் வழங்கும் முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், “நீங்களெல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்து, மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்” என்று வருகிறது. “அணிந்துகொள்ளுங்கள்” என்று நாம் படிப்பது கிரேக்கத்தில் ஒரு வேலைக்காரச் சொல். அடிமைகள் வேலை செய்யும்போது உடைமேல் முடிச்சிட்டுக் கட்டிக்கொள்ளும் துணியின் பெயரிலிருந்து வந்தது. தமிழில் அணிவது என்றால் நகை, மாலை. நாங்களும் தாழ்மையை அப்படித்தான் அணிந்துகொள்கிறோம், ஸ்தோத்திரக் கூட்டத்துக்குச் சங்கிலி போட்டுக்கொண்டு போவதுபோல. துவர்த்தைத் தலையில் கட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதர் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு எங்களைவிட அருகில் நின்றார்.

தமிழ் வேதாகமம் வேறோர் இடத்தில் கிரேக்கத்தைத் தவறவிடாமல் பிடித்திருக்கிறது. “நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்” என்பதில் வரும் “கடவீர்கள்” என்ற பழைய துணைவினையை நான் நெடுநாள் வெறும் கட்டளையாகவே படித்துவந்தேன். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது கடன்பட்டிருப்பதைச் சொல்லும் வினை. கடையில் பாக்கி வைத்திருப்பதற்கும் அதே சொல்தான். கடன், கடமை, கடப்பாடு, கடவது எல்லாம் தமிழில் ஒரே குடும்பம். கழுவுவது தயவு அல்ல, பாக்கியைத் தீர்ப்பது. தயவு மேலிருந்து கீழே வருவது. கடன் அப்படியல்ல, இன்று நான் கொடுக்க வேண்டியிருந்தால் நாளை எனக்கு வர வேண்டியிருக்கும். “ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்” என்று பவுல் ரோமருக்கு எழுதியதும் இதே வினைதான். தருமம் செய்கிறவன் யாருக்கும் கடன்பட விரும்புவதில்லை. நான் அந்த வீட்டுக்குக் கொடுத்தவற்றையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

கால் சரியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். இதை வீரச்செயலாக எழுத எனக்கு உரிமை இல்லை. முப்பது ஆண்டு தாமதம். மரச்சீனியும் சாளைக்கறியும் வைத்தார்கள். அவர் மனைவி, ஏதோ தப்பு நடந்துவிடுமோ என்பதுபோல, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கதவருகிலேயே நின்றார். எங்கள் வீட்டுத் தம்ளர் விஷயத்தை நான் அங்கே பேசவில்லை. அதை எப்படிப் பேசுவது? எங்கள் திண்ணையிலிருந்து அது போய்விட்டது, என் மனைவி ஒரு நாள் சத்தமில்லாமல் எல்லாத் தம்ளர்களோடும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டாள். இப்போது எது என்று எனக்கே அடையாளம் தெரியாது. ஆனாலும் அவர் காப்பி குடித்து முடித்ததும் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பதை இன்னும் விடவில்லை. வேண்டாம் அண்ணே என்று சொன்னால் சிரிப்பார்.

அந்த மகள் இப்போது திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறாள். போன ஓணத்துக்கு முந்தின வாரம் அவர் வழக்கமான நேரத்துக்குப் பால் எடுத்து முடித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். “நாற்பதாயிரம் இருக்கு சாரே. பிள்ளை தந்தா.”

வேண்டாம் என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்தது. அதை நான் அன்றே சொல்லியிருந்தேனே, நான் கேட்கவில்லையே, பிள்ளைக்கே நகையாகப் போடட்டுமே என்று அடுத்தடுத்த வாக்கியங்களும் தயாராக வரிசையில் நின்றன. உள்ளே என் மனைவி சாமான் கழுவுகிற சத்தம் நின்றது. கையை நீட்டிக் கவரை வாங்கி, சட்டைப்பைக்குள் வைக்கப் போனேன்.

“எண்ணிப் பாருங்க” என்றார்.

திண்ணையில் அவரை உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, எச்சில் தொட்டு எண்ணினேன். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், எண்பது. சரியாக இருந்தது.